வினாவும் விடையும்



மகோற்சவ காலத்தில் மாலைப் பூசை நிறைவுற்றபின் புராணங் கேட்பது நம் முன்னோர் போற்றிய வழக்கம். இன்று கண்ணப்ப நாயனார் சரிதத்தை எடுத்துரைக்கும்படி நம்மைப் பணித்திருக்கின்றார்கள். அதனுட் புகுமுன், அச்சரிதம் பற்றி நாம் செய்த பிழையொன்றை இச்சந்நிதியிற் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சிறுவர்க்கான புராணபடனப் பரீட்சை ஒன்றின் விடைத்தாள்களைத் திருத்தும் பணி நம்மிடம் வந்தது. எழுதினோர் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள். 'கண்ணப்பர் தமது கண்ணை இடந்து அப்பியது ஏன்?' என்பது ஒரு வினா. 'இறைவன்மீது கொண்ட பேரன்பினால்' என்பது புள்ளித்திட்டத்தில் இருந்த விடை. பிள்ளைகள் அதனையே எழுத்துப் பிசகாது எழுதியிருந்தனர். ஒரு பிள்ளை மாத்திரம், 'சுவாமிக்கு நொந்தபடியால்' என்று எழுதியிருந்தது. அவ்வளவில் நில்லாது, ஒருவரும் கேளாதிருக்கத் தானே ஒரு வினாவையும் கீழே எழுதியிருந்தது: 'கண்ணப்பருக்கு நோகவில்லையா?'

திட்டத்தில் இல்லாத விடைக்குப் புள்ளி இல்லையென்று நாம் சிவப்பு மையாற் கோடிட்டோம். பிள்ளையின் வினாவையும் அக்கோட்டால் வெட்டினோம். தாள்களைக் கட்டி அனுப்பியும் விட்டோம்.

பின்னொரு நாள் இதே சரிதத்தைப் பிரசங்கஞ் செய்வதற்காகப் பெரியபுராணத்தை விரித்தோம். திருக்காளத்தியில் இறைவனது திருக்கண்ணில் உதிரம் பெருகுகின்றது. திண்ணனார் தம் அன்பை எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றாரில்லை. இத்தீங்கு செய்தவர் யாரென்று வில்லேந்தித் தேடுகின்றார். ஒருவரையுங் காணாது மருந்து தேடுகின்றார். பச்சிலை பிழிந்து வார்க்கின்றார். உதிரம் நிற்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்னும் வேடர் வழக்கு அப்பொழுது நினைவில் எழ, அம்பினால் தம் கண்ணை இடந்து அப்புகின்றார். உதிரம் நின்றது. நின்றதைக் கண்டவர் தமது நோவை நினைந்தாரா? தோள் கொட்டிக் கூத்தாடினார் என்கின்றார் சேக்கிழார் பெருமான்.

அன்பர்களே, இங்கே நூல் நம் கையினின்றும் நழுவிற்று. 'கண்ணப்பருக்கு நோகவில்லையா?' என்ற வினாவுக்கு விடை அந்தக் கூத்தன்றோ! பிறர் நோவு தீர்ந்த மகிழ்ச்சியில் தன் நோவு மறந்துபோதலே பேரன்பு. 'சுவாமிக்கு நொந்தபடியால்' என்று எழுதிய பிள்ளை திண்ணனாரின் பக்கத்தில் நின்றிருந்தது. 'பேரன்பினால்' என்று எழுதிய பிள்ளைகளும், திருத்திய நாமும், மலையடிவாரத்தைக்கூடச் சேரவில்லை.

அப்பிள்ளையைத் தேட வழியில்லை. விடைத்தாளிற் பெயர் இராது. சுட்டெண் மாத்திரமே இருக்கும். அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டபின் அப்பிள்ளை இன்னொரு வினாவை எழுதியிருக்குமா என்னும் எண்ணம் இன்றும் நம்மை வருத்துகின்றது.

பரீட்சை வேண்டாவென்று நாம் சொல்ல வரவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலர் பெருமான், பெரியபுராணத்தை யாவரும் படிக்கும்படி வசனமாக்கினார். சிறுவர்க்கென்று சைவ வினாவிடையும் இயற்றினார். வினாவும் விடையுமாகச் சமயத்தைக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. இக்காலத்தும் இலங்கைப் பாடசாலைகளிற் சமயம் ஒரு பாடமாக நிலைத்திருத்தல் நாம் பெற்ற பேறே. நாயன்மார் அறுபத்துமூவர் பெயரையும் ஒரு பிள்ளை மனனஞ் செய்தல் நன்றே; பெயரறியாதவன் சரிதத்தை எங்ஙனம் தேடுவான்?

ஆயின் ஒரு வேற்றுமையை நாம் மறக்கலாகாது. பரீட்சையில் வினவுபவர் விடை தெரிந்தவர். புராணத்தில் வினவுபவரோ விடையை வேண்டி நிற்பவர். பெரியபுராணமே ஒரு வினாவிற் பிறந்ததன்றோ? திருக்கயிலையை நோக்கிப் பேரொளி ஒன்று வருகின்றது. உபமன்னிய முனிவர் எழுந்து அதனைத் தொழுகின்றார். சிவபெருமானையன்றி வேறொன்றையுந் தொழாத தேவரீர் இதனைத் தொழுதது என்னையென்று உடனிருந்த முனிவர்கள் வியந்து கேட்கின்றனர். அவ்வொளி நம்பியாரூரர் என்று தொடங்கி அவர் வரலாற்றைச் சொல்லியருளுகின்றார் உபமன்னியர். அன்று அம்முனிவர்கள் கேளாதிருந்தால் நமக்கு இவ்வமுதம் ஏது? 'திட்டத்தில் இல்லாத வினா' என்று உபமன்னியர் அவர்களைத் தடுத்தாரில்லை.

ஆதலால், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடாத்தும் பெரியோர்களை நாம் பணிந்து வேண்டுவது ஒன்று. வினாத்தாளின் முடிவில் நான்கு வரி வெறுமையாக விடுங்கள். 'இச்சரிதத்தில் நீ கேட்க விரும்புவது யாது?' என்று எழுதுங்கள். அதற்கும் புள்ளி இடுங்கள். திருத்துவோர் விடையறியாராயின் நூலைத் திறந்து பார்க்கட்டும். அது நமக்குப் பரீட்சையாகட்டும்.

தாய்மாரே, தந்தைமாரே, இன்றிரவு வீடு சென்றதும் பிள்ளையை வினவாதீர்கள். கண்ணப்பர் கதையைச் சொல்லிவிட்டுச் சற்றே பொறுத்திருங்கள். பிள்ளை உங்களைக் கேட்கட்டும்.

இதோ, முன்வரிசையிற் சிறுவர் பலர் அமர்ந்திருக்கின்றார்கள். இனிச் சரிதத்தைத் தொடங்குவோம். இடையில் எழுந்து எதையும் கேட்கலாம், பிள்ளைகளே. இன்று நம்மிடம் சிவப்பு மை இல்லை.

திருச்சிற்றம்பலம்.