இறக்கத்தில் தெரியும் கார்



கட்டாரில் 7 வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய என் அக்கா மகன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்புத்தளையில் என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி குடிக்கும் முன்பே போனை நீட்டினான். நீல நிறக் கார் ஒன்று. பொனட்டின் நடுவில் காற்றை விழுங்க வாய் பிளந்தது போல ஒரு திறப்பு; பின்னால் பெரிய ஸ்பொயிலர். "சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மாமா. கொழும்புப் பக்கம் நிக்குது. நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றான்.

தோட்டத்து லொறிகளோடும் டிராக்டர்களோடும் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தவன் நான். அதனால்தான் என்னைக் கேட்டான். இந்த ஆசை அவனுக்கு எங்கே பிடித்தது என்பதும் எனக்குத் தெரியும். அப்புத்தளையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் தியத்தலாவை. அங்கே ஒரு குன்றில் வெள்ளைக் கற்களால் நரியின் உருவம் பதித்திருக்கிறது. ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் பதித்தது. அந்த நரியின் பெயரில் வந்ததுதான் ஃபொக்ஸ் ஹில் மோட்டார் ஓட்டப் போட்டி. சித்திரை மாதத்தில் லயத்துப் பிள்ளைகள் அப்பாவின் தோளில் ஏறியிருந்து அதைப் பார்ப்பார்கள். செம்மண் புழுதி, பெற்றோல் வாசம், வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பும் கார்கள். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930-கள் முதலே நடந்து வருகிறது. வேகக் கார் என்பது மலைநாட்டுக்கு அந்நியமான ஆசை அல்ல நேயர்களே. தேயிலைக் கொழுந்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கும் அது சொந்தமான ஆசைதான்.

ஆனால் இந்த நாட்டில் பாவித்த வேகக் கார் வாங்குவது மற்ற நாடுகளில் வாங்குவது போன்றதல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அப்போதும், பாவித்த காராக இருந்தால் தயாரித்து 3 ஆண்டுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சினின் அளவைப் பார்த்து உற்பத்தி வரி, அதற்கு மேல் மற்ற வரிகள். ஆகவே 1990-களிலும் 2000-களிலும் வந்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் போன்ற கார்கள் இனிப் புதிதாக உள்ளே வரப்போவதில்லை. இருப்பவைதான் கை மாறிக் கை மாறிச் சுற்றுகின்றன. ஒரு காரைப் பத்துப் பேர் ஓட்டியிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவன் போட்டி ஓடியிருப்பான், ஒருவன் மதிலில் மோதியிருப்பான், ஒருவன் காசில்லாமல் ஒயில் மாற்றாமலே ஓட்டியிருப்பான். நாம் வாங்குவது காரை மட்டுமா? அந்தப் பத்துப் பேரின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

"மாமா, 280 குதிரைவலு" என்றான். அந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1989 முதல் 2004 வரை ஜப்பானியக் கம்பனிகள் தங்களுக்குள் பேசிவைத்து, எந்தக் காருக்கும் 280-க்கு மேல் எழுதுவதில்லை என்று ஓர் எல்லை வைத்திருந்தன. உலக ராலிப் போட்டியில் சுபாருவில் கொலின் மக்ரே 1995-இலும் ரிச்சர்ட் பேர்ன்ஸ் 2001-இலும் பெற்றர் சோல்பேர்க் 2003-இலும் சாம்பியன் ஆனார்கள். லான்சரில் டொமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை. அந்தப் பெயரும் புகழும் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய காருக்கு உரியவை. இருபத்தைந்து வருஷம் கழித்து நம் முன்னால் நிற்கும் காருக்கு அதே வலு இருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

காரைப் பார்க்க விடியற்காலையிலேயே கொழும்புப் பக்கம் புறப்பட்டுப் போனோம். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். கார் பளபளவென்று கழுவி நின்றது. நான் முதலில் செய்தது ஒன்றுதான். பொனட்டில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது.

நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட விட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் சொல்லும் உண்மையைச் சூடான எஞ்சின் சொல்லாது. தேய்ந்த பிஸ்டனின் தட்டல் சத்தம் முதல் ஓரிரு நிமிஷங்களில்தான் நன்றாகக் கேட்கும். சூடேறி ஒயில் பரவி, உலோகம் விரிந்த பிறகு பாதி அடங்கிவிடும். காரை வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: இரவு முழுக்க நின்ற காரை, உங்கள் கண் முன்னால், நீங்களே முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். ஸ்பெயார் டயர் வைக்கும் குழியின் தகடு மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒரு பக்கம் வெல்டிங் தடம். பின்னால் பலமாக அடி வாங்கிய கார். கதவைப் பிடிக்கும் நட்டுகளில் பெயின்ட் உடைந்திருந்தது, ஸ்பானர் போட்ட அடையாளம். பிறகு டயர்களைப் பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம், அது செய்த வாரமும் வருஷமும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம். அந்தக் காரில் நான்கு டயரும் நான்கு வருஷம், மூன்று கம்பனி.

இது சின்ன விஷயமல்ல. சுபாரு நான்கு சக்கரமும் இழுக்கும் கார். ஒரு டயர் புதிது, மற்றது தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறும். சுற்றளவு மாறினால் ஒரே தூரத்துக்கு ஒரு சக்கரம் கூடச் சுற்றும், ஒன்று குறையச் சுற்றும். அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் டிபரன்ஷியல் ஓயாமல் தாங்கிக்கொண்டே ஓட வேண்டும். சூடேறிச் சூடேறி ஒருநாள் அது போய்விடும். நான்கு டயர் வாங்கக் காசு பார்த்த மனிதன் உள்ளே வேறு எதில் காசு பார்த்திருப்பான் என்று மருமகனைக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் இரத்தினபுரி வரைக்கும் பேசவில்லை. ஆசை வைத்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஓப்பன் பேப்பர் என்று ஒரு வழக்கம். பதிவில் இருக்கும் மனிதன் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு கார் மூன்று நான்கு கை மாறிவிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மட்டும் மாறாது. அந்த முதல் மனிதன் இறந்துபோனால், வெளிநாடு போனால், நீங்கள் அலைய வேண்டிவரும். லீசிங் முடிந்ததா, அந்தக் கம்பனியின் பெயர் பதிவிலிருந்து நீங்கியதா என்று பாருங்கள். இந்தக் கார்களில் எஞ்சின் மாற்றுவது சாதாரணம். ஆகவே செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் காரில் வாசித்து, பதிவுச் சான்றிதழோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். கழுவாத கையோடு, டோர்ச் லைட் பிடித்து, குனிந்து பார்க்க வேண்டிய வேலை இது. வெட்கப்படக் கூடாது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்று கொழும்பை விட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் இங்கே அந்த அளவுக்கு வலு குறைந்துதான் ஓடும். டர்போ உள்ள எஞ்சின் அந்தக் குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆனால் அதற்காக டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் பொருள் அது. ஒயிலின் மெல்லிய படலம் ஒன்றுதான் அதற்குத் துணை. பெரகலையிலிருந்து முறுக்கி ஏறி, டவுனுக்கு வந்தவுடனே சாவியைத் திருப்பி நிறுத்தினால் அந்த ஒயில் உள்ளேயே தீய்ந்து கரியாகிவிடும். ஓரிரு நிமிஷம் சும்மா ஓட விட்டு நிறுத்த வேண்டும். இன்னொன்று: நம் குளிரில் எந்தக் காரும் காலையில் சைலன்சரால் வெள்ளை ஆவி விடும். அது காற்றில் உடனே கரைந்துபோனால் வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பிறகும் கரையாமல் தொங்கி, இனிப்பு வாசம் அடித்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது.

வலுவைப் பற்றி இவ்வளவு பேசினேன். என்னைக் கேட்டால், நம் மலைகளில் வேகக் காரை ஏற்றத்தில் பார்த்து வாங்கக் கூடாது. இறக்கத்தில் பார்த்து வாங்க வேண்டும். அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி தாண்டி வெல்லவாய போய்ச் சேரும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியிருப்போம். அந்த இறக்கத்தின் பாரம் முழுவதையும் வாங்குவது எஞ்சினும் பிரேக்கும்தான். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 4 வகைப் புது ஒயில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமுக்கினால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. நம் மூடுபனியிலும் மழையிலும் வருஷக்கணக்காக ஒயில் மாற்றாத கார் என்றால் நினைத்துப் பாருங்கள். எல்ல – வெல்லவாய வீதியில் 2025 செப்டம்பர் 4-ஆம் திகதி இரவு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இந்த வீதிகளில் ஒரு தவறுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை.

தியத்தலாவையையும் நான் மறக்க முடியாது. 2024 ஏப்ரல் 21-ஆம் திகதி, ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடத்தை விட்டு விலகி நின்றவர்கள் மேல் பாய்ந்தது. 7 பேர் போனார்கள். அதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அப்பாவின் தோளில் ஏறி நின்று பார்த்த எத்தனையோ பிள்ளைகளில் என் மருமகனும் ஒருவன் என்பதால், அந்தச் செய்தி கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேகக் கார் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது, வேகத்தை வீதியில் காட்டாதீர்கள். நம் வீதியோரத்தில் கொழுந்துக் கூடையோடு அம்மாக்கள் நடக்கிறார்கள், பாடசாலைப் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து கண்டியில் இன்னொரு டபிள்யூஆர்எக்ஸ் பார்த்தோம். சாம்பல் நிறம். ஸ்பொயிலர் இல்லை. மருமகனுக்கு அழகு போதவில்லை. வைத்திருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பொனட் சில்லென்று இருந்தது. நாங்கள் கேட்காமலே உள்ளே போய் மட்டை போட்ட கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை என்று கோடு போட்டு எழுதியிருந்தார். டைமிங் பெல்ட் மாற்றிய பக்கத்தில் கடைச் சீட்டையும் ஒட்டி வைத்திருந்தார். இந்த எஞ்சினில் அந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி எஞ்சினே போய்விடும். ஆகவே எனக்கு அந்தச் சீட்டு ஒரு தங்கச் சங்கிலி மாதிரி. 2022 ஜூலை, ஓகஸ்ட் பக்கங்களில் ஒரே ஒரு வரி: "ஓட்டவில்லை, பெற்றோல் இல்லை." காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் போட்டுக் கொடுத்த காலம் அது. இந்தக் காருக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? அதுவும் 92 ஒக்டேன் ஊற்றக் கூடாது, குறைந்தது 95 வேண்டும். மாதச் செலவைக் கணக்குப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கடுகண்ணாவை இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெரியவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இரண்டாம் கியரில் இறங்கி, வளைவுக்கு முன் பிரேக்கை ஒரே சீராக அமுக்கினேன். ஸ்டியரிங் நடுங்கவில்லை. பெடல் கால் வைத்த இடத்திலேயே நின்றது. கீழே நிறுத்தி இறங்கிப் பார்த்தோம், தீய்ந்த வாசம் இல்லை. பிரேக் ஒயில் டப்பாவைத் திறந்தால் மட்டும் உள்ளே பிளேன்டி நிறம். "இது ஒன்றுதான் பிந்திப் போச்சு தம்பி" என்று அவரே சொன்னார்.

மறுநாள் கண்டியிலேயே ஒரு கராஜ் பாஸிடம் கொடுத்து நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் பார்த்தோம். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. பெயர் மாற்றப் பத்திரங்களில் பெரியவரும் மருமகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது இரவாகிவிட்டது. டவுனில் பனி இறங்கி ரயில் கேட்டின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வீட்டு வாசலில் நிறுத்தியும் அவன் உடனே சாவியைத் திருப்பவில்லை. எஞ்சினை மெல்ல ஓட விட்டு, உள்விளக்கைப் போட்டு, கொப்பியை மடியில் விரித்தான். பெரியவரின் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, நாளைய திகதியை எழுதினான். பக்கத்தில் எழுதினான்: பிரேக் ஒயில்.