ஓட்டும் பாவசங்கீர்த்தனமும்

(தோட்டக் கமிட்டியின் மாதக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சென்ற கூட்டத்தில் நம் கத்தோலிக்கத் தோழர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “இன்ன அபேட்சகருக்கு ஓட்டுப் போடாதே என்று கோயிலில் சொல்லி, அதை மீறி ஒருவன் போட்டுவிட்டால் அது பாவமா?” என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. இந்த ஒரு கேள்வியினால் ஒரு நாடு எட்டு வருஷம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்த நாட்டின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஞானஸ்நானம் பெற்றவன் அல்ல. எது பாவம், எது புண்ணியம் என்று தீர்ப்புக் கூற எனக்கு யோக்கியதை கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். தொழிலாளி என்ற முறையில் எனக்குப் பட்டதையும் சொல்கிறேன்.

மத்தியதரைக் கடலில், இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே மால்டா என்று ஒரு சின்னத் தீவுக்கூட்டம் இருக்கிறது. மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். கப்பல் உடைந்து அர்ச். சின்னப்பர் கரையேறிய தீவு எங்களுடையது என்று அந்த ஜனங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கர். நம்மைப்போலவே வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தவர்கள். அங்கே பெரிய தொழில் என்றால் பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் பட்டறைதான். சிங்கப்பூர் செம்பவாங்கில் கடற்படைத் தளம் இருந்ததே, அதற்கும் மால்டாப் பட்டறைக்கும் எஜமான் ஒருவனே, லண்டனில் இருந்த அட்மிரால்டி. இங்கே துரை முகம் சுளித்தால் லயத்தில் அடுப்பு எரியாத காலம் இருந்தது. அதேபோல அங்கே லண்டன் செலவைக் குறைத்தால் தெருத்தெருவாகப் பசி வந்தது.

அந்தப் பட்டறைத் தொழிலாளரின் கட்சி மால்டா தொழிற்கட்சி. அதன் தலைவர் டொமினிக் மிண்டாஃப். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கட்டட நிபுணர், முரட்டுப் பேச்சுக்காரர். அவருடைய சொந்தத் தம்பியே பிரான்சிஸ்கன் சபைக் குருவானவர். 1955-ல் சட்டசபையின் 40 இடங்களில் 23-ஐப் பிடித்து மிண்டாஃப் பிரதம மந்திரியானார். பிரிட்டனோடு மால்டாவை இணைத்துவிட வேண்டும், அங்குள்ள கூலியும் சலுகையும் இங்கும் வர வேண்டும் என்பது அப்போது அவருடைய திட்டம். புராட்டஸ்டண்டு நாட்டோடு சேர்ந்தால் எங்கள் வேதம் என்னவாகும் என்று அதிமேற்றிராணியார் மிக்கேல் கோன்சி கவலைப்பட்டார். பகை அங்கே தொடங்கியது. 1958-ல் மிண்டாஃப் லண்டனோடு முறித்துக்கொண்டு ராஜினாமா செய்தார். பிறகு சுதந்திரமே வேண்டும் என்றார், சோஷலிஸ்டு நாடுகளோடும் ஆசிய ஆப்பிரிக்க இயக்கங்களோடும் உறவு கொண்டார், மதம் வேறு சர்க்கார் வேறு என்றார், விரும்புகிறவர்களுக்குப் பதிவுத் திருமணம் வேண்டும் என்றார்.

1961 ஏப்ரல் 8-ஆம் தேதி இடி விழுந்தது. தொழிற்கட்சி நிர்வாகக் கமிட்டியார் அத்தனை பேர் மீதும் திருச்சபை தடை விதித்தது. அவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் கிடையாது. கட்சிப் பத்திரிகையை எழுதுவது, அச்சடிப்பது, விற்பது, படிப்பது எல்லாம் சாவான பாவம். மறுவருஷம் பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதும் சாவான பாவமாயிற்று.

சாவான பாவம் என்றால் என்ன என்பதை மற்றத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பாவத்தோடு செத்தால் நரகம் என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, மனஸ்தாபப்பட்டு, இனிச் செய்யமாட்டேன் என்று சொன்னால்தான் மன்னிப்பு. தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்டவள் என்று தெரிந்தால் மன்னிப்பு மறுக்கப்பட்டது. ஒரு தாய், பிள்ளைகளின் சோற்றுக்காகப் புருஷனின் சங்கம் சொல்லும் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும். அதே தாய் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வேண்டும். இரண்டும் வேண்டும் அவளுக்கு. ஆண்களாவது கோயிலுக்கு வெளியே நின்று சுருட்டுப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பெண்கள் எங்கே போவார்கள்? மால்டாப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1947-ல்தான். கிடைத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தச் சீட்டு அவர்கள் கையில் நெருப்பாக வந்து விழுந்தது.

கட்சித் தலைவர்கள் கோயில் பீடத்தின் முன் கல்யாணம் செய்துகொள்ள முடியவில்லை, குருவானவர் பூசை உடுப்பு மாற்றும் அறையில் அவசரமாக நடந்தது. கட்சிக் கூட்டம் நடந்தால் பேச்சுக் கேட்காதபடி கோயில் மணியை அடித்தார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சாவுக்குப் பின்னும் விடவில்லை என்பதுதான் கொடுமை. பட்டறைக்குச் சற்றுத் தூரத்தில் அடொலொராட்டா என்று ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அடொலொராட்டா என்றால் நம் கத்தோலிக்கர் சொல்லும் வியாகுல மாதாதான். தடை விதிக்கப்பட்டவர்கள் செத்தால் அங்கே மந்திரித்த மண்ணில் இடமில்லை. ஒதுக்குப்புறமான ஒரு மூலையில் புதைத்தார்கள். அந்த மூலைக்கு ஜனங்கள் வைத்த பெயர் மிஸ்ப்லா, குப்பைமேடு என்று அர்த்தம். கட்சியின் துணைத் தலைவராயிருந்தவர், நாவலாசிரியர், குசே எல்லுல் மெர்சர் 1961-ல் இறந்தபோது அவரையும் அங்கேதான் புதைத்தார்கள்.

இதைக் கேட்டு நீங்கள் கோபப்படுவது தெரிகிறது. ஆனால் அதிமேற்றிராணியார் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கோன்சி தொழிலாளியை வெறுத்தவர் அல்ல. ஆச்சரியமாக இருக்கும், 1921-ல் அவர் தொழிற்கட்சியின் பேரிலேயே மால்டா செனட்டில் உட்கார்ந்தவர்! ஹங்கேரியில் 1949-ல் கம்யூனிஸ்டு சர்க்கார் கார்டினல் மிண்ட்சென்டிக்கு ஆயுள் தண்டனை விதித்ததை உலகமே கண்டது. அந்தப் பயம் அவருக்கு மெய்யாகவே இருந்தது. அவர் சொல் கேட்டுத் தொழிற்கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஏழைகளும் கோழைகள் அல்ல, பணத்துக்கு விலைபோனவர்களும் அல்ல. விசுவாசம் முதலில், கூலி பிறகு என்று நினைத்தார்கள். அதுவும் மனச்சாட்சிதான்.

தேர்தல் முடிவு என்ன? 50 இடங்களில் தேசியக் கட்சிக்கு 25, தொழிற்கட்சிக்கு 16. கட்சி தோற்றது. ஆனால் கணக்கை ஆபீஸ்காரன் புத்தியோடு இன்னொரு தரம் கூட்டிப் பாருங்கள். சாவான பாவம் என்று சொல்லியும் ஏறக்குறைய 50,000 பேர், மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கள், தொழிற்கட்சிக்குப் போட்டார்கள். இவர்கள் நாத்திகர்களா? பெரும்பாலோர் அல்ல. ஜெபமாலையைக் கையிலிருந்து விடாதவர்கள். தேவனுக்கும் எனக்கும் உள்ள கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போட்டவர்கள்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஒரு அபேட்சகரிடம் பத்துக் குணம் இருக்கும், அதில் இரண்டு என் விசுவாசத்துக்கு ஒத்துவராது. என்ன செய்வது? 2004-ல் அமெரிக்காவில் இதே தகராறு வந்தது. கருச்சிதைவுச் சட்டத்தை ஆதரிக்கும் அபேட்சகருக்குக் கத்தோலிக்கர் ஓட்டுப் போடலாமா என்று கேட்டார்கள். அப்போது ரோமாபுரியில் விசுவாசக் கோட்பாட்டு அலுவலகத்தின் தலைவராயிருந்த கார்டினல் ராட்ஸிங்கர், மறுவருஷம் பாப்பரசரானவர், அமெரிக்க ஆயர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் சாரம் இது: அந்தத் தீமையை ஆதரிக்கிறார் என்பதற்காகவே அவருக்குப் போட்டால் குற்றம். அதை ஒப்புக்கொள்ளாமல், அதற்கு ஈடான வேறு கனமான காரணங்களுக்காகப் போட்டால் அது அனுமதிக்கப்படக்கூடியது.

“அதற்காகவா, அல்லது அது இருந்தும் வேறொன்றுக்காகவா?” இந்த ஒரு கேள்வியை 1962-ல் மால்டாவில் எத்தனை பாவசங்கீர்த்தனத் தொட்டிகளில் கேட்டிருப்பார்கள்? கேட்டிருந்தால் பட்டறைத் தொழிலாளி சொல்லியிருப்பான்: “சாமி, கோயிலை இடிக்க நான் போடவில்லை. பட்டறையில் ஆளைக் குறைக்கிறார்கள், அதற்காகப் போட்டேன்.” ஈடான காரணம் எது என்பதில் வாதம் இருக்கலாம். மதம் வேறு சர்க்கார் வேறு என்பதும் கருச்சிதைவும் ஒரே தராசில் நிற்குமா என்பதும் தனி வழக்கு. ஆனால் காரணம் கேட்காமல் கதவைச் சாத்தியது நியாயம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

திருச்சபையும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1891-லேயே பதின்மூன்றாம் சிங்கராயர் என்ற பாப்பரசர், தொழிலாளிக்குச் சங்கம் சேர உரிமை உண்டு, நியாயமான கூலி அவனுக்குச் சேர வேண்டும் என்று நிருபம் எழுதியிருக்கிறார். 1965-ல் இரண்டாவது வத்திக்கான் சங்கம் இன்னும் தெளிவாகப் பேசியது. மனச்சாட்சி என்பது மனிதன் தேவனோடு தனித்திருக்கும் உள்ளறை என்றது. அரசியல் சமுதாயமும் திருச்சபையும் தத்தம் துறையில் சுதந்திரமானவை என்றது. விசுவாசிகள் இருவர் ஒரே விஷயத்தில் நல்ல மனத்தோடு வேறு வேறு முடிவுக்கு வரலாம், அப்போது ஒருவன் திருச்சபை என் பக்கம்தான் என்று உரிமை கொண்டாடக்கூடாது என்றது. 1969 ஏப்ரல் 4-ல் மால்டாத் திருச்சபையும் தொழிற்கட்சியும் சமாதானம் செய்துகொண்டன. சாவான பாவத்தை அரசியல் தண்டனையாக இனித் திருச்சபை பிரயோகிக்காது என்பது உடன்பாடு. 1971 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 28, தேசியக் கட்சிக்கு 27. ஒரே ஒரு இடத்தில் மிண்டாஃப் மறுபடி பிரதம மந்திரி!

இதோடு நிறுத்தினால் நீங்கள் கைதட்டுவீர்கள். நிறுத்தப்போவதில்லை. நம்மவர் செய்ததையும் சொல்லியாக வேண்டும். ஆட்சி கையில் வந்தபின் மிண்டாஃப் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் திருச்சபையோடு மோதினார். 1984 செப்டம்பர் 28-ஆம் தேதி பட்டறைத் தொழிலாளர் கும்பல் ஒன்று நீதிமன்றத்தையும் அதிமேற்றிராணியாரின் அலுவலகத்தையும் தாக்கிச் சூறையாடியது. மனச்சாட்சிக்காக அடிபட்ட கூட்டம் அது. அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், அடுத்தவன் மனச்சாட்சியின் கதவை உடைத்தார்கள். தொழிலாளி செய்தான் என்பதற்காக நான் அதை மெழுகிப் பேசமாட்டேன். குப்பைமேட்டில் புதைபட்டவர்களுக்கு அது மரியாதை அல்ல.

இன்னொரு விவரமும் நமக்கு உரியது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டப் புத்தகத்தில், குருக்கள் அரசியல் கட்சிகளிலும் தொழிற்சங்க நிர்வாகத்திலும் நேரடியாக ஈடுபடக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. திருச்சபையின் உரிமைக்கோ பொது நன்மைக்கோ அவசியம் என்று மேலதிகாரிகள் கருதினால் விதிவிலக்கு உண்டு. கட்சியையும் சங்கத்தையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! சங்கமும் ஒரு பிரசங்க மேடை ஆகிவிடலாம் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் போலும்.

ஆகையால் நம் கிளையின் நடைமுறையைச் சொல்கிறேன். தேர்தல் வரும்போது, எந்த அபேட்சகர் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதைக் கமிட்டி எழுதி ஒட்டும். இன்னாருக்குப் போடலாம் என்று யோசனையும் சொல்லும். அதற்கு மேல் யார் வீட்டு வாசலிலும் நிற்கக்கூடாது. “நீ யாருக்குப் போட்டாய்?” என்று எந்தத் தோழரையும் எவரும் கேட்கக்கூடாது. கோயில் சொன்னதைக் கேட்டு வேறு மாதிரி போட்டவர் சம்பளத் தகராறோடு ஆபீசுக்கு வந்தால், அவருடைய மனுவையும் மற்றவர் மனுவைப்போல அன்றைக்கே எழுதுவோம். தேர்தல் வேலைக்கு வர விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். கோயிலுக்குப் போகிறவர்கள் பூசை முடிந்தபின் வந்தால் போதும். வராதவர்களிடம் காரணம் கேட்கப்பட மாட்டாது.