டெலிவிஷன் பெட்டியும் மெக்கானிக்கும்

(ரேடியோ, டெலிவிஷன் பழுதுபார்க்கும் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



டெலிவிஷன் பெட்டியைத் தினமும் பிரித்து மாட்டுகிற உங்களிடம் அதைப் பற்றி நாம் பேச வந்திருப்பது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆயினும், உங்கள் மேஜைக்கு வரும் வேலை ஏன் குறைகிறது என்பது உங்கள் கடையோடு நிற்கிற விஷயமல்ல.

டில்லியில் ஒளிபரப்பு ஆரம்பமானது 1959 செப்டம்பர் 15-ல். சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆகஸ்ட் 15 ஆயிற்று. அன்றைய செட் எப்படி இருந்தது? மரப்பெட்டி, நான்கு கால், இழுத்து மூடும் கதவு, அதற்கொரு பூட்டு! சாவி வீட்டு எஜமானரிடம். ஆலைத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளத்தைக் கொட்டினாலும் கிட்டாத சாமான். தெருவே ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு 'ஒளியும் ஒலியும்' பார்த்தது. எனவே, பழையதெல்லாம் பொற்காலம் என்று புலம்புகிறவர்களோடு நாம் சேரமாட்டோம்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் இருந்தது. பின் மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் எல்லாம் கைக்கு எட்டும். வால்வு போனால் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம். பல செட்டுகளில் சர்க்யூட் படத்தையே மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தார்கள். டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும் வந்த பிறகும் இந்தக் குணம் போகவில்லை. எல்.ஓ.டி. எரிந்ததா, மாற்று. டிரை சால்டரா, சூடு காட்டு. பிக்சர் டியூப் மங்கியதா, கன் மாற்று. பொதுத்துறையில் ஹைதராபாத்தில் உருவான இ.சி. டி.வி.யையும், சென்னையின் சாலிடேர், டயனோரா செட்டுகளையும் திறந்து மூடித்தான் ஒரு தலைமுறை இத்தொழிலைக் கற்றது. 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் பெட்டிகளும் இந்த வம்சம்தான்.

இன்றைய தட்டை செட்டுக்கு வருவோம். விஞ்ஞானம் முன்னேறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. பழைய 21 அங்குலப் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். 32 அங்குல எல்.இ.டி. செட்டை ஒருவரே கக்கத்தில் இடுக்கிச் செல்லலாம். மின்சாரச் செலவும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் திரைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு விளக்குகளைப் பாருங்கள். ஒன்று கருகினால் வரிசையே இருண்டுவிடும். கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்று அதிகக் கரண்டில் எரியவிட்டால், சூட்டிலேயே அவற்றின் ஆயுள் தேய்கிறது. அவற்றைத் தொட வேண்டுமானால் கண்ணாடிப் பேனலையே கழற்ற வேண்டும். பேனலின் ஓரத்தில் ஒட்டிய காகிதம் போன்ற ரிப்பன் கிழிந்ததோ, செட்டே போயிற்று! விலையில் பாதிக்கு மேல் அந்தப் பேனலுக்குத்தானே? "புதுசு வாங்கிடுங்க சார்" என்று நீங்களே சொல்ல நேரிடுகிறது. எல்லாம் நன்றாக இருந்தாலும், கம்பெனி சாப்ட்வேரைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால் ஸ்மார்ட் செட் பாதி ஊமை.

இது விஞ்ஞானத்தின் குற்றமா? மெல்லிய செட்டையும் கழற்றி மாட்டும்படி செய்யலாம். திருகாணிக்குப் பதில் கிளிப் போட்டு மிச்சம் பிடித்த காசும் லாபம். சீக்கிரம் பழுதானால் நடக்கும் மறு விற்பனையும் லாபம். சாமான் சமூகத்துக்காகவா, லாபத்துக்காகவா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செட் செய்கிறவர் கதியும் இதேதான்: சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு விதி உண்டு. ஒரு மாடலின் கடைசி செட் சந்தைக்கு வந்த பிறகும் ஏழாண்டுகள் பவர் சப்ளை, கெப்பாசிட்டர் போன்ற உதிரிபாகங்கள் மெக்கானிக்குக் கிடைத்தாக வேண்டும். நல்லது. ஆனால் அந்தப் பட்டியலில் பேனல் இல்லை! நமது மத்திய சர்க்கார் 2022 டிசம்பர் 24-ல் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது. இணையதளம் சட்டமாகாது. பேனலும் விளக்குப் பட்டையும் நியாய விலையில், சர்க்யூட் படம் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மட்டுமின்றித் தெருமுனைக் கடைக்கும் கிடைக்கும்படி சட்டம் வேண்டும். இதுவே இன்று நாம் நிறைவேற்றவிருக்கும் முதல் தீர்மானம்.