பெருங்கட்சியைத் துறந்த குமரித் தமிழர்



பெருங்கட்சியை விட்டுச் சிறுகட்சிக்கு வாக்களிப்போரைப் பார்த்து, வாக்கைப் பாழாக்குகின்றனர் என்று எள்ளி நகையாடுவது அரசியலாரின் பழைய வழக்கம். அவ்வெள்ளலுக்கு நாஞ்சில் நாடும், அதற்கு மேற்கேயுள்ள கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் 1948-ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டன.

அன்று அப்பகுதி திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. அங்கே முற்போக்காளர் எனத்தக்கோர் யாவர்? வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் கோயில் தெருக்களை எல்லார்க்கும் திறந்துவிடப் போராடியோர், திவான் சி. பி. இராமசாமி ஐயரின் அடக்குமுறைக்கு அஞ்சாது மக்களாட்சி கேட்டோர். இவர்களுள் மிகப்பலர் 1938-இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பேராயக் கட்சியையே, அதாவது சுடேட்டு காங்கிரசையே, தம் கட்சியெனக் கொண்டிருந்தனர்.

பின் ஏன் அகன்றனர்? அவர்கள் கொள்கை மாறவில்லை, கட்சிதான் மாறியது. 1920 நாகபுரி மாநாட்டிலேயே மொழிவழியாகத் தன் மாகாணக் குழுக்களை வகுத்துக்கொண்ட கட்சி பேராயக் கட்சி. திருவிதாங்கூரிலோ அதன் தலைவர்கள் ஐக்கிய கேரளம் கேட்டனர். தமிழ் பேசும் தென்வட்டங்களையும் அதற்குள் அடக்கிக் கேட்டனர். மலையாளிக்கு மொழிவழி நாடு வேண்டுமாம், தமிழனுக்கு வேண்டாவாம்! வீட்டிலும் வயலிலும் தமிழ் பேசிய உழவன், அரசு அலுவலகத்துள் நுழைந்ததும் மலையாளத்தின் முன் வாய்பேசாது நிற்க வேண்டியிருந்தது. அந்நிலை மக்களாட்சி வந்த பின்னும் தொடருமெனின், மக்களாட்சியால் அவன் கண்ட பயன் யாது?

1945-ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலில் தமிழர்க்கெனத் தனியமைப்பு எழுந்தது. பின்னர் அது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர் கொண்டது. 1947-இல் வழக்கறிஞர் நேசமணி அதனுள் வந்தபின் வலிமை பெற்றது. பிரிந்து சென்றவர்கள் பேராயத்தின் பெயரையும் உடன் எடுத்துச் சென்றனர் என்பது நோக்கத்தக்கது. அதனைச் சாதிக் கட்சியென எதிர்ப்பாளர் பழித்தனர். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நாடார் பெருமக்களே அதன் பெருவலிமை என்பது மெய், மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பி. எசு. மணியும் அப்துல் ரசாக்கும் அதன் முன்னணியில் நின்றவர்களே.

1948 தேர்தலையொட்டிக் காவலர் துப்பாக்கிக்கு மங்காட்டுத் தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் இரையாயினர். 120 இடங்களுள் பேராயக் கட்சி 97 இடங்களை வென்றது. தமிழ்நாடு காங்கிரசு 14 இடங்களை வென்றது. அத்துணைப் பெரிய அலையில் 14 இடங்கள்!

சிறுகட்சியால் என்ன செய்ய முடியும் என்போர் அடுத்த ஆறாண்டைப் பார்க்க. 1952 திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் அதற்கு 8 உறுப்பினர். பேராயக் கட்சிக்கோ 108-இல் 44 தான். தமிழர் தோள்கொடுத்ததால் நின்ற ஏ. ஜே. சான் அமைச்சரவை, அவர்கள் தோளை விலக்கியதும் 1953-இல் வீழ்ந்தது. 1954 தேர்தலில் எட்டு பன்னிரண்டாயிற்று.

அப்போது ஆட்சியேறியது பிரசா சோசலிசுட்டுக் கட்சி. பேராயத்தினும் முற்போக்கானதெனச் சொல்லப்பட்ட கட்சி. அதன் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. 1948-இல் பேராய ஆட்சியின் தலைவராக இருந்தவரும் அவரே! கொடி மாறியது, தமிழ் வட்டங்களின்மேல் வைத்த பிடி மாறவில்லை. 1954 ஆகசுட்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அவ்வாட்சியின் காவலர் தமிழரைச் சுட்டனர். அக்கட்சியின் பொதுச்செயலாளரான இராம் மனோகர் லோகியா, வடநாட்டுச் சிறையிலிருந்தபடியே, தம் கட்சி அமைச்சரவை பதவி விலக வேண்டுமென்றார். தாணுப்பிள்ளை விலகவில்லை. அடுத்த ஆண்டு அக்கட்சியே பிளந்தது. வடபுலத்து நிகரமையாளர் ஒருவர்க்கு உறைத்தது, அருகிருந்த முதலமைச்சர்க்கு உறைக்கவில்லை.

இது குமரிக்கு மட்டுமே உரிய நிகழ்ச்சியன்று. 2015-இல் இசுகாட்லாந்து மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவந்த தொழிற்கட்சியை விட்டு, இசுகாட்லாந்து தேசியக் கட்சிக்கு 59-இல் 56 இடங்களை அளித்தனர். 41 இடம் வைத்திருந்த தொழிற்கட்சிக்கு எஞ்சியது ஒன்றே. முந்திய ஆண்டு விடுதலை வாக்கெடுப்பில் பழமைக் கட்சியோடு அது கைகோத்து நின்றதை அம்மக்கள் மறக்கவில்லை.

பசல் அலி ஆணையம் 1955-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களையும் செங்கோட்டையையும் தமிழகத்திற்குப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் மறுக்கப்பட்டன. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் பிறந்தது.

அதன் பின் நேர்ந்ததே வருந்தத்தக்கது. கேட்டதிற் பாதி கிடைத்த அளவில் தமிழ்நாடு காங்கிரசு தன்னைக் கலைத்துக்கொண்டு பேராயக் கட்சியில் இணைந்தது. வெற்றி பெற்றோர் வீடு திரும்புதல் இயல்பே எனலாம். ஆனால் தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர்க்காகப் பேச எந்தச் சட்டமன்றத்திலும் அதன்பின் தனிக்கட்சி இல்லை. தலைவர் சென்ற வழியே மக்களும் சென்றனர். தமிழகமெங்கும் பேராயம் வீழ்ந்த 1967-இலும் நாகர்கோவிலில் நேசமணி அக்கட்சியின் சார்பிலேயே வென்றார். விருதுநகரில் தோற்ற காமராசரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதும் அதே நாகர்கோவில்தான்.

விளவங்கோட்டு வயல்களுக்கு நெய்யாற்றின் இடக்கரைக் கால்வாய் வழியே வந்த நீரைக் கேரள அரசு 2004-இல் நிறுத்தியது. அப்போது, ஓர் அமைச்சரவையைக் கவிழ்க்கவல்ல அந்த எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ எங்கும் இல்லை.