துழாயும் மனக்கவலையும்

(குத்தாலத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



காரியதரிசியவர்கள் எனக்கு இட்ட தலைப்பு 'துளசி' என்னும் ஒரு சொல்லேயாகும். தமிழாசிரியனொருவன் பாட்டிற் பயின்ற துழாயைப் பற்றிப் பேசலாமேயன்றி மருந்துச் செடியைப் பற்றிப் பேசுவதெங்ஙனம் என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். சில காலமாக நம்மவர் இல்லங்களிற் காணும் ஒரு வழக்கமே என்னை இதற்கு உடன்படச் செய்தது. மனக்கவலைக்கும் உறக்கமின்மைக்கும் மருந்தென்று துளசிச் சாரத்தைப் புட்டியிலடைத்து விற்கின்றனர். நம்மவரும் பெருவிலை கொடுத்து வாங்கி யுண்கின்றனர். முற்றத்து மாடத்திற் செடி தழைத்து நிற்க, அதன் சாரம் தபால் வழியாக வீடு வந்து சேர்கின்றது! இதில் மெய் எவ்வளவு, வாணிகம் எவ்வளவு என்று பார்ப்பதே என் நோக்கம்.

துளசிக்குப் பழந்தமிழ்ப் பெயர் துழாய் என்பது. துளவு, துளவம் எனவும் வழங்கும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தினது முதற் செய்யுளில், உண்ணா நோன்பிருந்து நீராடிய மக்கள் துழாய் மாலையணிந்த திருமாலை வணங்கிய செய்தி வருகின்றது. அந்நூலை 1904-ஆம் ஆண்டில் அச்சிற் கொணர்ந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் தமிழ் கற்றது மாயூரத்திலும், நம் ஊர்க்கு அண்மையதாகிய திருவாவடுதுறையிலுமாம் என்பது நமக்கெல்லாம் பெருமை. கும்பகோணத்தை யடுத்த ஒப்பிலியப்பன் கோயிலின் தலவரலாறோ, பூமிதேவியையே துளசிச் செடியின் கீழ்க் குழந்தையாக மார்க்கண்டேய முனிவர் கண்டெடுத்தாரென்று கூறும். நம் குத்தாலமாகிய திருத்துருத்தியிலும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் தீர்த்தமாடி உடற்பிணி நீங்கினாரென்பது பெரியபுராணம். ஆதலின் இந்நாட்டார் தெய்வத்தையும் மருந்தையும் வெவ்வேறாக வைத்து எண்ணியவரல்லர். அதனைக் குறை கூற யான் வரவில்லை. எனினும், வணக்கத்திற்கு அளவில்லை, மருந்திற்கு அளவுண்டு.

நிற்க. துளசியென்று நாம் சொல்லுவனவெல்லாம் ஒரே செடியல்ல. பச்சிலையுடைய துளசியும் கருநிறமுடைய கருந்துளசியும் ஓரினத்தின் இரு வகைகளே. நாய்த்துளசி வேறு. சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலை வேறு. மேனாட்டுச் செடிநூலாசிரியராகிய லின்னேயஸ் என்பார் நம் துளசிக்கு 1753-இல் ஒரு பெயரும் 1767-இல் மற்றொரு பெயரும் இட்டுவிட்டார். இன்றைக்குப் புட்டிகளில் 'ஆசிமம் டெனுயிஃப்ளோரம்' என்றும் 'ஆசிமம் சாங்டம்' என்றும் காண்பன இரண்டும் ஒன்றே. இரண்டு மருந்தென்றெண்ணி இரு புட்டி வாங்க வேண்டுவதில்லை.

நம் பாட்டிமார் துளசியைக் கபத்திற்கும் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்தனர். கிராம்பின் மணத்திற்குக் காரணமாகிய யூஜினால் என்னும் எண்ணெய்ப்பொருள் துளசியிலையிலும் உண்டு. ஆயின், மனக்கவலைக்கு அதனைக் கொடுக்கும் கருத்து எங்கிருந்து வந்தது?

1936-இல் ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர் எலிகளை ஆராய்ந்து ஓருண்மை கண்டார். குளிரோ, காயமோ, நஞ்சோ, துன்பம் எதுவாயினும் உடல் ஏறத்தாழ ஒரே வகையாக எதிர்நிற்கின்றது என்பது அது. முதலிற் திடுக்கிடும், பின்பு தாங்கும், துன்பம் நீடித்தால் இறுதியிற் சோர்ந்து விழும். சிறுநீரகத்தின் மேலமைந்த சிறு சுரப்பிகளே இதற்குத் தலைமையானவை. அவை சுரக்கும் நீரைக் கார்ட்டிசால் என்பர். இங்ஙனம் தாங்கும் ஆற்றலை மிகுவிக்கும் பொருளுக்கு 'அடாப்டோஜன்' என்று ருஷியாவிற் பெயரிட்டனர். லாசரெவ் என்பார் 1947-இல் இட்ட பெயரது. பிரெக்மன் என்பார் பின்னர் அதற்கு இலக்கணம் வகுத்தார்: தீங்கு செய்யாதிருத்தல், எவ்வகைத் துன்பத்திற்கும் பொதுவாக உதவுதல், மிகினும் குறையினும் உடலை இயல்பு நிலைக்குக் கொணர்தல். இம்மூன்றும் ஒருங்கமைந்த பொருள் உலகில் உண்டெனின் அதனை அமுதமென்றே சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றுகின்றது! ஐரோப்பிய மருந்து அதிகாரிகளும் 2008-இல் இச்சொல்லை மருந்து நூலின் உறுதியான சொல்லாக ஏற்க மறுத்தனர்.

துளசியை இவ்வகையில் முதலிற் சோதித்தவர்களுள் லக்ஷ்மணபுரி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த பார்கவா, சிங் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். 1981-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், துளசிச் சாரம் உண்ட சுண்டெலிகள் நீரில் நெடுநேரம் நீந்தின வென்றும், துன்புறுத்தப்பட்ட எலிகளின் வயிற்றுப் புண் குறைந்ததென்றும் கண்டனர். எலி நீந்திற்றென்பதனால் மனிதன் கடனை மறப்பான் என்பது பெறப்படாது. மக்களிடத்துச் செய்த சோதனைகளும் உள. 2012-இல் வெளிவந்த ஒன்றில் ஆறு வாரமும், 2022-இல் வெளிவந்த மற்றொன்றில் நூறு பேருக்கு எட்டு வாரமும், ஒரு பகுதியார்க்குத் துளசிச் சாரமும் மற்றொரு பகுதியார்க்கு வெறும் மாத்திரையும் இன்னார்க்கு இன்னதென்று அறியாவண்ணம் கொடுத்தனர். துளசி யுண்டவர்க்குக் கவலையும் உறக்கக்குறையும் மற்றையோரினும் குறைந்தன. பின்னதில் மயிரிற் கண்ட கார்ட்டிசாலும் குறைந்திருந்தது. 2017-இல் அதுவரை மக்களிடத்துச் செய்த 24 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பயனுண்டென்றே கூறினர். ஆயினும் இவற்றுட் பல சிறியன, சில வாரங்களளவின. அன்றியும் சோதித்தது அளந்து வடித்த சாரம். நாம் கிள்ளி வாயிலிடும் நாலிலை அதுவன்று. ஆதலின், 'சிறு கவலைக்குச் சிறு துணை' என்னுமளவே இன்று சொல்லத்தக்கது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகின்றேன். காவிரி நாட்டில் வாழும் நமக்குக் கவலையென்பது எலிக்கூண்டிற் பிறந்ததன்று. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருத்தலும், 2016-17-இல் நீரின்றிப் பயிர் கருகியபோது கண்ட துயரும், அறுவடைக் காலத்து மழையும், அடகிலிருக்கும் நகையும், பரீக்ஷைக்கு இரவெல்லாம் விழிக்கும் பிள்ளைகளும் நம் வீட்டுக் கவலைகள். இவற்றாற் பல வாரம் உறங்காதவன், உண்ணாதவன், வாழ்வில் வெறுப்புற்றுப் பேசுகின்றவன் நம் வீட்டிலிருப்பானாயின், அவன் கையிற் புட்டியைக் கொடுத்துவிட்டு நாம் வயலுக்குப் போய்விடலாமோ? வள்ளுவர் மருந்ததிகாரத்தின் இறுதியில் மருத்துவத்திற்கு உறுப்பு நான்கென்றார். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் மாத்திரமல்ல, அருகிருந்து பணி செய்வானும் அவற்றுளொருவன். அந்நான்காமவன் இல்லாத வீட்டிற்கு நம் சங்கத்தார் செல்லவேண்டும். துணைக்கு ஒருவர் சென்று டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். இரவிலும் பேசுதற்கு அரசாங்கத்தார் 2022-இல் ஏற்படுத்திய 14416 என்னும் தொலைபேசி எண் உண்டு. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. வெட்கத்தால் உள்ளே புழுங்குவோர் நம் சமூகத்தில் அதிகமாதலின் இதனை வற்புறுத்திச் சொல்லுகின்றேன்.

மற்றொரு செய்தி. எங்கள் பக்கத்திற் பெரியவர் ஒருவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை யுண்பவர். யாரோ சொன்னாரென்று துளசிச் சாரத்தையும் கூடவே மிகுதியாக உண்ணத் தொடங்கினார். ஒருநாட் காலை உடல் வியர்த்துக் கைநடுங்கித் திண்ணையிற் சாய்ந்துவிட்டார். வெல்லம் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். துளசி இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக் கூடியது. மாத்திரையும் அதனையே செய்யும். அதுதான் காரணமென்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. புட்டியை மாத்திரம் நிறுத்தச் சொன்னார். சர்க்கரை மாத்திரை உண்போரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தோரும், கருவுற்ற மகளிரும் டாக்டரைக் கேளாது சாரத்தை யுண்ணலாகாது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் துளசிக்கு மாறுதல் பெரும்பிழை.

சௌக்கியமாயிருப்போர் பத்துப் பதினைந்து இலையைக் கழுவிக் கிள்ளிக் கொதிநீரிலிட்டு மூடிவைத்துப் பருகலாம். மூடாது நெடுநேரம் கொதிக்கவிடின் மணமுள்ள எண்ணெய் ஆவியோடு போய்விடும்; எஞ்சுவது பச்சைநீரே. உலர்த்துவதாயின் நிழலில் உலர்த்துக. கதிர் விடும்பொழுதே கிள்ளிவிடின் செடி விரைவில் முற்றாது, இலை மிகும். விதைக்கென ஒரு செடியை மாத்திரம் கதிரோடு விடுக. பூச்சிமருந்து தெளிக்கும் வயலோரத்துச் செடியை உண்ணற்கு எடுத்தலாகாது.

கருந்துளசி நாற்றுக்கள் சில என் பள்ளிப் பிள்ளைகள் வளர்த்தவை வாயிலில் வைக்கப்பட்டுள்ளன. மாடம் வெறுமையாயிருக்கும் வீட்டார் முதலில் எடுத்துக்கொள்ளுக. ஏற்கெனவே செடியுள்ளவர்கள் எனக்காகப் பொறுத்தருள வேண்டும், நாற்று அத்துணையில்லை.