நேரம் குறிக்கும் மேசை



இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோரில் பலர் லாரித் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். நாமக்கல்லில் அதில் வியப்பேதும் இல்லை. பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், சங்ககிரி லாரிகள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் என்று இந்த வட்டாரமே லாரியால் வாழ்கிறது. உங்களில் பலருடைய படிப்புச் செலவு, யாரோ ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து ஓட்டிச் சம்பாதித்தது. மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கண்விழிப்பைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று நினைத்தே வந்திருக்கிறேன்.

நல்ல ஓட்டுநர் ஒருவர் லோடு ஏற்றிய வண்டியை எடுப்பதற்கு முன் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா, தண்ணீர் ஒழுகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வார். கையில் ஓர் இரும்புக் கம்பியுடன் ஒவ்வொரு டயராகத் தட்டி வருவார். காற்று சரியாக இருக்கும் டயர் ஒரு மாதிரி ஒலிக்கும், இறங்கிய டயர் வேறு மாதிரி ஒலிக்கும். பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருந்தால் நெம்பி எடுப்பார். எடுக்காமல் போனால், வேகத்தில் அந்தக் கல் தெறித்துப் பின்னால் வரும் வண்டியின் கண்ணாடியில் பாயும். ஏர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விடுவார். தார்ப்பாய்க் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். வீல் நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பார். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும். இதைச் செய்தார் என்று யாரும் அவருக்குச் சான்றிதழ் தரப்போவதில்லை, செய்யவில்லை என்றால் அன்றைக்கே யாரும் கேட்கப்போவதும் இல்லை. பின்னால் வரும் முகம் தெரியாத மனிதருக்காக அந்தக் கல்லை எடுக்கிறாரே, அந்த இடத்தில்தான் ஒரு வேலை தொழிலாக உயர்கிறது.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூர் கணவாயை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அங்கே நடந்த விபத்துச் செய்திகளைப் படித்தே வளர்ந்தவர்கள் நீங்கள். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். பொறியாளர்களான உங்களுக்கு அதன் கணக்கு தெரியும். 28.5 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 2.8 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஏறத்தாழ 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. கியரில் இறங்கினால் எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்மில் இறங்கும். டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழந்த பிறகு பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது.

இதை ஓட்டுநரின் அலட்சியம் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால், மிச்சமாகும் டீசல் அவர் கைக்கு வரும் என்ற ஏற்பாட்டைச் செய்தது யார்? மைலேஜ் குறைந்தால் படியில் பிடித்தம் என்று சொன்னது யார்? வண்டியில் ஒரு நாளும் ஏறாத யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து போட்ட கணக்கு அது.

தூக்கமும் அப்படித்தான். 1961-ஆம் ஆண்டிலேயே வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம், டாக்கோகிராஃப் கருவி அதைப் பதிவு செய்துகொண்டே வரும். அமெரிக்காவில் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம் வரை ஓட்டலாம், அதற்கு மேல் கூடாது. வரம்பு நம்மிடமும் இருந்தது. அதை அளக்கும் பழக்கம்தான் நம்மிடம் வளரவில்லை.

நாமக்கல்லில் இருந்து டெல்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். சுங்கச்சாவடி, நெரிசல், சோதனை எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று வைத்தால் 60 மணி நேர ஓட்டம். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஒரே ஓட்டுநருக்கு ஏழரை நாள் ஆகும். நான்கு நாளில் சரக்கு வந்து சேர வேண்டும் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அந்த ஓட்டுநர் நாளுக்கு 15 மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றே விநாடி கண் அசந்தால், வண்டி 50 மீட்டர் தூரம் பார்வையில்லாமல் ஓடிவிடும். அந்த 50 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கலாம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழ்நாடே அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது. விபத்துக்குள்ளான வண்டியை ஆய்வு செய்து அறிக்கை தருவது என் வேலையாக இருந்தது. பிரேக் எப்படி, ஸ்டியரிங் எப்படி, டயர் எப்படி, இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்று எழுதுவேன். ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார், சரக்கு எத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்று கெடு வைத்தது யார் என்ற கேள்விகளுக்கு, நான் நிரப்பிய படிவங்களில் ஒரு நாளும் இடம் இருந்ததில்லை. வழக்கு எப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவர் மீதே பதிவாகும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? ஓட்டுநருக்குக் கெடு வைக்கும் மேசைக்கு நாளை நீங்கள்தான் போகப்போகிறீர்கள். உங்களில் சிலர் லாரி கேபினை வடிவமைப்பீர்கள். புதிய கனரக லாரி கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற விதி நம் நாட்டில் 2025-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை எத்தனை கோடைகளை எஞ்சின் சூட்டோடு சேர்த்து ஓட்டுநர்கள் தாங்கினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு வரையுங்கள். சிலர் கிடங்குகளிலும் போக்குவரத்து நிறுவனங்களிலும் டிரிப் அட்டவணை போடுவீர்கள். கிலோமீட்டரை எழுதும்போதே தூங்கும் நேரத்தையும் எழுதுங்கள். அது அடங்கவில்லை என்றால் இரண்டாவது ஓட்டுநரைக் கேளுங்கள், அல்லது கெடுவைத் தள்ளி வையுங்கள். லோடு இறக்க வந்தவருக்குக் குளிக்கவும் கழிவறை செல்லவும் படுக்கவும் உங்கள் வளாகத்தில் இடம் ஒதுக்குங்கள். சிலர் சொந்தமாகவே லாரி வாங்குவீர்கள். கூடுதல் பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று 2019-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். அந்தப் பாரத்தோடு தொப்பூரில் இறங்கப்போவது இன்னொரு வீட்டுப் பிள்ளை என்பதற்காக நிறுத்துங்கள்.

மரியாதையும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். சுங்கச்சாவடியிலும் கம்பெனி கேட்டிலும் ஒருமையில் விளிக்கப்படுபவர் தன் வேலையை ஒரு தொழிலாக மதிக்க வேண்டும் என்று நாம் எப்படி எதிர்பார்க்க முடியும்? வயதில் மூத்தவரை 'அண்ணா' என்று அழையுங்கள். வண்டியைப் பற்றி அவர் சொல்லும் குறையை எழுதி வாங்குங்கள். பிரேக் சரியில்லை, இன்று எடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், அதற்காக அவருடைய படி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சமில்லாமல் மறுக்க முடிகிறவர்தான் நம்பி வண்டியை ஒப்படைக்கத் தக்கவர்.

அன்பு மாணவ மாணவியரே, உங்கள் முதல் வேலையில், முதல் மாதத்திலேயே, இந்தச் சோதனை வரும். இன்று இரவே கிளம்பினால் சரியாக இருக்கும் என்று மேலாளர் சொல்வார். அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஓட்டுநர் தூங்கினாரா? பதில் தெரியாவிட்டால், அது தெரியும் வரை டிரிப் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்று நீங்கள் பெற்ற பட்டம் உங்கள் கையெழுத்துக்கு மதிப்பைத் தந்திருக்கிறது. அந்த மதிப்பை ஓர் உயிரைக் காக்கப் பயன்படுத்துங்கள்.