ஓட்டிய கப்பலைக் கட்டவும் வேண்டும்



1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பிறந்த ஊர் இந்தத் தூத்துக்குடி. வ.உ.சி. கப்பல் ஓட்டினார். ஆனால் அவருடைய 'காலியா' கப்பல் எங்கிருந்து வந்தது? பிரான்சிலிருந்து! ஓட்ட ஆள் இருந்தது, கட்ட இடமில்லை.

இன்று இடம் இருக்கிறது. அரசின் பெரிய கப்பல் கட்டும் தளங்கள் ஐந்து. மும்பை மசகான் டாக், கொல்கத்தா கார்டன் ரீச், கோவா, விசாகப்பட்டினம் ஆகிய நான்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. கொச்சி மட்டும் கப்பல் துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. நம் காட்டுப்பள்ளி போன்ற தனியார் தளங்களும் உண்டு.

அந்தக் கொச்சியில்தான் 45,000 டன் 'விக்ராந்த்' போர்க்கப்பல் உருவாகி, 2022இல் கடற்படையில் சேர்ந்தது. எப்படி முடிந்தது? வடிவமைத்தது கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவு. உருக்கின் பக்குவத்தைக் கண்டது ஹைதராபாத் ஆய்வகம். உருக்கித் தந்தது நம் அரசு உருக்காலை. வரைந்தவர், வாங்குபவர், பணம் தருபவர், பொறுத்திருப்பவர் எல்லாம் ஒரே வீட்டார்!

சரக்குக் கப்பலுக்கு அப்படியொரு வீடு உண்டா? கப்பல் முதலாளி விலை கேட்கிறார், நாள் கேட்கிறார். இங்கே கடனுக்கு வட்டி அதிகம். இன்ஜின் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு கப்பல் கட்டியபின் அடுத்த ஆர்டர் எப்போது என்று தெரியாது. அதை நம்பி எவர் உதிரிபாக ஆலை போடுவார்? தென் கொரியாவின் உல்சானைப் பாருங்கள்! 1972இல் தளம் போட்ட கொரியர்கள், அதே ஊரில் கப்பல் இன்ஜினும் செய்தார்கள். இன்று சீனா, கொரியா, ஜப்பான் மூன்றும் உலகக் கப்பல்களில் பத்தில் ஒன்பதைக் கட்டுகின்றன. நம் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 69,725 கோடி ரூபாய்க் கப்பல் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வரவேற்கிறேன். ஆனால் பணத்தோடு ஆர்டரும் வர வேண்டும். நமக்குக் கச்சா எண்ணெய் சுமந்து வருபவை பெரும்பாலும் அயலார் கப்பல்கள். நம் எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றுகூடி, ஒரே வடிவத்தில் பத்துக் கப்பல் கேட்கட்டும். முதல் கப்பல் தாமதமாகலாம். பத்தாவது கப்பல் சொன்ன நாளில் மிதக்கும்!

வ.உ.சி. செய்தது என்ன? பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்து, தனித்தனியாக நின்ற வணிகர்களையும் மக்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார். கப்பல் அதற்குப் பிறகுதான் வந்தது. தளமும் ஆலையும் வங்கியும் வாங்குபவரும் அப்படிச் சேரட்டும். அவர் ஓட்டிய கடலில் நாம் கட்டிய கப்பல் போகட்டும்.